ரெண்டு பேருக்கும் மாத்திரை

எங்கள் வரிசையில் ஆறு குடித்தனங்களுக்கு ஒரே குளியலறை. திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. தகரக் கதவு, உள்ளே ஒரு சிமெண்டுத் தொட்டி. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனாலும் கொஞ்சம் தாமதமானால் வெளியே காலி பக்கெட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்கும். கல்யாணமாகி ஐந்தாவது மாதத்தில் என் மனைவி அந்தக் கதவுக்குப் பின்னால் அரை மணி நேரம் இருக்கத் தொடங்கினாள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை.

"இன்னாம்மே, உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா? வாடகய யார் குடுப்பா?" என்று மூன்றாம் வீட்டு அக்கா கதவைத் தட்டுவாள்.

"தோ வந்துட்டேங்க்கா" என்று பதில் வரும். ஆனால் ஆள் வரமாட்டாள்.

வெளியே வரும்போது அவள் மேல் காயத்துக்குப் போடும் மருந்துத் தண்ணீரின் வாசனை அடிக்கும். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்குமே, அது. எங்கே காயம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். சாப்பிட உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தாள். நடக்கும்போது கால்களை அகட்டி வைத்தாள். நான் தொட்டால் உடம்பு விறைத்தது. என்னைப் பிடிக்கவில்லையோ என்று ஒரு மாதம் மனசுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் வலியைக்கூட என்னைப் பற்றிய விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவள் முதலில் சொன்னது என் அம்மாவிடம். அம்மா என்னிடம் சொன்னாள்.

"சூடு நைனா. வெள்ளப் படுது அவளுக்கு. எலும்பு உருகி வருது. அதான் இப்டி எளச்சிகினே போறா."

அம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியைப் பெருக்கித்தான் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து, அம்பத்தூரில் பம்பு செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். ரேஷன் கடைப் பலகை முதல் மாத்திரை அட்டை வரை வீட்டில் எல்லாவற்றையும் படித்துச் சொல்வது நான்தான். ஆனால் அம்மா 'எலும்பு உருகுது' என்றபோது, அது இல்லை என்று சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது வாத்தியார், "இத நீங்களே படிச்சுக்கங்கடா" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். நாங்கள் படித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டோம்.

அம்மா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். வெந்தயம் ஊறிய தண்ணீர், மோர், எண்ணெய் தேய்த்துத் தலைக்குளியல். என் மனைவி எல்லாவற்றையும் குடித்தாள், குளித்தாள். அரிப்பு மட்டும் போகவில்லை. அரிப்பு கூடக்கூட மருந்துத் தண்ணீரையும் கூட்டினாள். மாதவிலக்குக்கு வைக்கும் பழந்துணிகளை எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் குளியலறைக்குப் பின்னால், சுவருக்கும் வேலிக்கும் நடுவே கட்டிய கொடியில், உள்பாவாடைக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவார்கள். ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்பதால் வெயில் கண்ணிலும் படாத இடம் அது. என் மனைவியும் அந்த ஈரத்தையே திரும்ப எடுத்து வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் அம்மா சொன்னாள்: "ரெண்டு மாசம் வேப்பம்பட்டுல அவ அம்மா ஊட்ல இருக்கட்டும் நைனா. ஒடம்பு தேறட்டும். அப்பால பாத்துக்கலாம்."

அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதம் என்று அனுப்பப்பட்ட என் மனைவியின் பெரியம்மா மகள், நான்கு வருடமாக அந்த ஊரிலேயேதான் இருந்தாள். அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தபோது என் மனைவி புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப கூட்டினு போவீங்க?" என்றாள். முகத்தைக் காட்டாமல் கேட்டாள்.

"மொதல்ல டாக்டராண்ட போவோம்" என்றேன். எங்கிருந்தோ அந்தத் தைரியம் வந்தது.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் டாக்டர்கள் இருந்தார்கள். தெரிந்தவர்களும் இருந்தார்கள். அதனால் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனோம். மசூதித் தெருவுக்குப் பக்கத்தில், மாடியில் இரண்டு அறை. அந்த டாக்டரம்மாவுக்கு எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தலையில் முக்காடு, கையில் பெரிய ஆண்கள் கடிகாரம். என் மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவுக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். பேச்சு கேட்டது.

"மருந்து ஊத்திக் கழுவினியா?"

"ஆமாங்க."

"உள்ளயுமா?"

பதில் கேட்கவில்லை. தலையை ஆட்டியிருப்பாள்.

"தோலெல்லாம் வெந்து கெடக்கும்மா. தரை கழுவுறதையா அங்க ஊத்துவாங்க?"

கொஞ்ச நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள். மேஜை ஓரத்தில் ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது. கண்ணாடித் துண்டில் எதையோ வைத்து டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நகர்ந்து, "வா, நீயே பாரு" என்று என் மனைவியின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஓடுதுங்க."

"ஓடுதா?"

"வால் வெச்சிகினு ஓடுது. எலும்பு இல்லீங்களா இது?"

"எலும்பு எங்கம்மா ஓடும்?" என்று டாக்டரம்மா சிரித்தார். "கிருமி. அதான் பச்சையா, நுரையா வருது, நாத்தம் அடிக்குது, அரிக்குது. எலும்பும் உருகல, ஒன்னும் உருகல."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று மாதமாக உயிர் கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவளின் முகம் அது. அழவில்லை. இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டாள்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டார். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் வெள்ளை படுவது எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதான், கண்ணில் கண்ணீர் ஊறுகிற மாதிரி என்றார். நிறமும் நாற்றமும் அரிப்பும் வந்தால்தான் நோய். உள்ளே தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கொள்ளும். அதற்கென்றே நல்ல கிருமிகள் அங்கே இருக்கின்றன. மருந்து ஊற்றினால் அவைதான் முதலில் சாகும். வெளியே மட்டும் வெறும் தண்ணீர், முன்னாலிருந்து பின்னால். துணியை நல்ல வெயிலில் காயப்போட வேண்டும்.

"அங்க ஆம்பளைங்க பாப்பாங்களே" என்றாள் என் மனைவி.

"பாத்துட்டுப் போட்டும். அவங்க கண்ணுல என்ன கிருமியா ஒட்டும்?"

பிறகு இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். இன்னொன்றை என் பக்கம்.

"ஏழு நாள், காலைல ஒன்னு, ராத்திரி ஒன்னு. ரெண்டு பேரும். முடியற வரைக்கும் சேர வேணாம்."

"எனக்கு ஒன்னும் இல்லீங்களே" என்றேன்.

"ஆம்பளைக்குத் தெரியாது. இருக்கும்."

பஸ்ஸில் அந்தச் சீட்டை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். டாக்டரம்மா அவசரத்தில் போட்ட கோடுகள் என் மனைவிக்குப் புரியவில்லை. நான் போட்டுத் தருகிறேன் என்றேன். பம்பின் உள்பாகத்தைப் பாதியாக வெட்டின மாதிரி போட்டுக் காட்டுவதுதான் என் தொழில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில், டிரேசிங் தாள், ஸ்கேல், கூரான பென்சில் எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கவாட்டு வெட்டு ஒன்று, நேர்ப்பார்வை ஒன்று. கருப்பை, கருப்பை வாய், யோனிக் குழாய் என்று அம்புக்குறி போட்டு எழுதினேன். அந்தச் சொற்களை எழுதும்போது கை கூசியது. எங்கள் தெருவில் அந்த இடத்துக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் வசவுகள்தான். அம்மாவிடம் 'கீழ', டாக்டரிடம் 'அங்க'. வசவாக இல்லாத ஒரு பேரை நான் எழுதியது அன்றைக்குத்தான்.

அவள் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் வாசித்தாள். பிறகு நேர்ப்பார்வைப் படத்தைச் சுட்டினாள்.

"இது இன்னா, ஒரே ஓட்ட போட்டு வெச்சிகீறீங்க?"

"ஒன்னுதானே?"

"ஒன்னுக்கும் அதுலதான் வருமா?"

"ஆமா." உறுதியாகத்தான் சொன்னேன். எங்களுக்கு அப்படித்தானே.

அவள் ஆணியில் மாட்டியிருந்த நான் சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னால் போனாள். "எட்டிப் பாக்கக் கூடாது, சொல்ட்டேன்" என்றாள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

வெளியே வந்து என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினாள். நான் போட்ட ஓட்டைக்கு மேலே சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். இரண்டு பக்கமும் இதழ் மாதிரி வளைவுகள். எல்லாவற்றுக்கும் மேலே, கோடுகள் சேரும் இடத்தில், ஒரு மொட்டு.

"மூணு வழி கீது. இது ஒன்னுக்கு. இது கொழந்த வர்றது. பின்னாடி அது. நீங்க இன்னா பம்பு வரஞ்சி வெச்சிகீறீங்க."

"இது இன்னா?" என்று மொட்டைக் காட்டினேன்.

"தெரியாது. தொட்டா ஒரு மாதிரி கீது." காதெல்லாம் சிவந்துவிட்டது அவளுக்கு. "அந்தம்மாவத்தான் கேக்கணும்."

இருபது வயதில் தன் உடம்பைத் தானே முதன்முதலாகப் பார்த்தவள், பயந்துபோய்தான் வருவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஏழு நாளும் அவள் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள். வாய் முழுக்க இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது என்றாள். சோறு பிடிக்கவில்லை, காபி பிடிக்கவில்லை.

"ஒங்களுக்கு வாய் கசக்கலயா?"

"எனக்கு ஒன்னும் இல்லயே" என்றேன்.

என் அட்டை பட்டறையில், வரையும் மேஜையின் இழுப்பறையில் இருந்தது. பிரிக்கவேயில்லை. எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கல்யாணத்துக்குச் சில மாதம் முன்னால், பட்டறை ஆட்களோடு ஒரு முறை ஒரு இடத்துக்குப் போயிருக்கிறேன். ஒரே ஒரு முறை. அந்த மாத்திரையை விழுங்கினால் அது நான் கொண்டுவந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். விழுங்காமல் இருந்தால் நான் அதற்குச் சம்பந்தமில்லாதவன். படித்தவன் யோசித்த யோசனை இது.

அவளுக்குச் சரியானது. முகம் தெளிந்தது. குளியலறையிலிருந்து சீக்கிரம் வந்தாள். மூன்றாம் வீட்டு அக்காவே, "இன்னா, காலி பண்ணிட்டியா?" என்று கேட்டாள். துணிகளை முன்பக்கக் கொடியில் வெயிலில் போட்டாள். இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். ஏழு நாள் முடிந்து இன்னும் சில நாள் கழித்து, அவளாகவே என் பக்கத்தில் வந்து படுத்தாள். உடம்பு விறைக்கவில்லை.

மூன்று வாரத்தில் அரிப்பு திரும்ப வந்தது.

அவள் என்னிடம் சொல்லவில்லை. மருந்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றாமல் நின்றதை அம்மா பார்த்திருக்கிறாள். "அந்த டாக்டரு மருந்தும் கேக்கல. நான் சொன்னேன்ல, ஊருக்கு அனுப்பு" என்றாள் அம்மா. இந்த முறையும் என் மனைவி எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. தன் உடம்பு அப்படிப்பட்டது என்று முடிவுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

திரும்பவும் பூந்தமல்லி. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அதே கிருமிதான்" என்றார். "அவர் மாத்திர சாப்டாரா?"

"சாப்டாரு" என்றாள் என் மனைவி உடனே.

"வாய் கசந்துதா சார்?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். என் மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். "கசந்துச்சுங்க, என்னாண்ட சொன்னாரு" என்றாள் டாக்டரம்மாவிடம்.

எனக்காக அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. கீழே இறங்கி, எதிரிலேயே இருந்த பஸ் ஸ்டாப்பில் நின்றோம். இரண்டு பஸ் போனது. ஏறவில்லை.

"கூசாம பொய் சொல்றீங்களே, எனக்கு ஒன்னும் இல்லன்னு. நான் சோறு எறங்காம கெடந்தத பாத்துகினுதான இருந்தீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறை ஆட்கள், அந்த ஒரு முறை, இழுப்பறையில் இருக்கும் அட்டை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? நாலு நாள் பேசியிருக்க மாட்டேன். அவ்ளோதான?" முந்தானையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் என் ஒடம்புதான் அழுகுதுன்னு நெனச்சேங்க."

கையைப் பிடிக்கப் போனேன். விடவில்லை. "மேல வாங்க. அந்தம்மாவாண்ட நீங்களே சொல்லுங்க" என்று முன்னால் படியேறினாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அப்போது ஊரெல்லாம் எய்ட்ஸ் என்கிற அந்தப் பெரிய வியாதியைப் பற்றிப் பேச்சாக இருந்தது. ரிசல்ட் வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றுமில்லை என்று வந்தது. சில மாதம் கழித்து இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். பார்த்தோம், அப்போதும் ஒன்றுமில்லை. மாத்திரையை இந்த முறை அவள் எதிரிலேயே விழுங்கினேன். இரும்புதான். துருப்பிடித்த இரும்பு. அவள் நாலு நாள் பேசவில்லை, சொன்ன மாதிரியே. ஐந்தாம் நாள் வாய்க்கு இதமாக இருக்கட்டும் என்று என் தட்டில் ஒரு எலுமிச்சை ஊறுகாய்த் துண்டு வைத்தாள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. என் மனைவியை ஊருக்கு அனுப்ப அம்மா நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டி விஷயத்தை அம்மாவிடம் எந்தப் பிள்ளை பேசுவான்? ஆனால் நான் பேசாமல் இருந்தால், என் மனைவி நோய்க்காரி என்று வேப்பம்பட்டுக்குப் போவாள். ஒரு சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன். என் மனைவி அடுப்படியில் நின்றாள்.

"அவளுக்கு வந்தது என்னாலம்மா. கிருமி. என்னாண்டயிருந்து போச்சு. நான் மாத்திர முழுங்கல, அதான் திரும்ப வந்துது. இப்ப ரெண்டு பேரும் முழுங்குறோம். அவ எங்கயும் போக வேணாம்."

அம்மா ஒரு தண்டை ஒடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். வைத்தாள்.

"ஒனக்கும் மாத்திர குடுத்தாங்களா?"

"ஆமாம்மா. ஆம்பளைக்கு வெளிய தெரியாதாம். ரெண்டு பேரும் சாப்டாதான் போவுமாம்."

அப்பா லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆள். பாதி நாள் வெளியூர்தான். அவர் செத்து ஆறு வருடமாகியிருந்தது.

"அப்ப ஒங்கொப்பனும் முழுங்கியிருக்கணும்" என்றாள் அம்மா. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "வெந்தயம், மோரு, எத்தினி வருசம் நான் மட்டும் குடிச்சேன்."

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கீரைக் கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் கீதா அத்தே?"

"அப்பப்ப" என்றாள் அம்மா, ஒரு தண்டை ஒடித்துக்கொண்டே.

"வர்ற திங்கக்கெழம என்கூட வாங்க. அந்தம்மா நல்லா பேசுவாங்க."

"இந்த வயசுலயா? சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க. அப்பறம் மருந்து குடுப்பாங்க."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள், கீரைத் தண்டோடு.

"வர்றேன். ஆனா இவன் வரக்கூடாது."

வேப்பம்பட்டுப் பேச்சு அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை. திங்கட்கிழமை இரண்டு பேரும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி பஸ் ஏறப் போனார்கள். மூன்றாம் வீட்டு அக்கா எங்கே போகிறார்கள் என்று என்னைக் கேட்டாள்.

"டாக்டராண்ட" என்றேன்.

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்" என்று சொல்லிவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனேன்.